தீர்ப்புக்குப் பின் தொடங்கும் வழக்கு

சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் பெயர் ஒன்று உண்டு: எம்.சி. மேத்தா எதிர் இந்திய ஒன்றியம். அடுத்த வாரமும் அதே பெயர் வரும். ஆனால் அது வேறு வழக்கு. ஒன்று கங்கையைப் பற்றியது, இன்னொன்று தாஜ்மகாலைப் பற்றியது, மற்றொன்று தில்லியின் பேருந்துப் புகையைப் பற்றியது, வேறொன்று பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்குவதைப் பற்றியது. நானும் அப்படித்தான் படித்தேன். தேர்வுக்காக வழக்குகளைப் பிரித்து வைத்துக்கொள்ள அவற்றின் எண்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்தோம். அந்தப் பெயருக்குப் பின்னால் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்துபோன ஒரு வழக்கறிஞர் இருக்கிறார் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் வழக்காடத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தீர்ப்புகளை நான் வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினேன். தீர்ப்பின் கொள்கை என்ன என்று தேடுவதை விட்டுவிட்டு, இந்த உத்தரவுக்குப் பிறகு அந்த வழக்கறிஞர் மறுநாள் என்ன செய்திருப்பார் என்று தேட ஆரம்பித்தேன். இந்தத் தொழிலின் உண்மையான அளவு அங்கேதான் தெரிகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மேத்தா 1946இல் ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்தில் உள்ள தாங்க்ரி என்னும் மலைக்கிராமத்தில் பிறந்தவர். ஜம்முவில் சட்டம் படித்து, அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் வழக்காடி, 1983இல் உச்ச நீதிமன்றத்தில் தொழில் செய்யத் தில்லிக்கு வந்தார். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் என்று அப்போது ஒரு தனி இனம் கிடையாது. தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974லும் காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981லும் வந்துவிட்டன. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் சுற்றுச்சூழலைக் காப்பதை அரசுக்கும் குடிமக்களுக்கும் கடமையாக்கும் 48அ, 51அ ஆகிய பிரிவுகளும் அரசியலமைப்பில் சேர்ந்துவிட்டன. ஆனால் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவோர் மிகக் குறைவு. அவர் 1984இல் முதன்முறையாகத் தாஜ்மகாலுக்குச் சென்றபோது பளிங்கு மஞ்சள் பூத்து, அரித்துக் குழி விழுந்திருப்பதைக் கண்டார். ஆக்ராவைச் சுற்றியிருந்த வார்ப்பாலைகளும் மற்றத் தொழிற்சாலைகளும் எரித்த நிலக்கரியிலிருந்து கந்தக டை ஆக்சைடு வெளியேறி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிப் பளிங்கைத் தின்றுகொண்டிருந்தது. அந்த வேதியியலைக் கற்றுக்கொண்டு, அதை நீதிபதிகளுக்குப் புரியும் மொழியில் மனுவாக எழுதியதிலிருந்து அவருடைய இரண்டாவது தொழில் வாழ்க்கை தொடங்குகிறது.

அடுத்த ஆண்டு கங்கை வழக்கு. ஹரித்துவாரில் யாரோ வீசிய தீக்குச்சியால் ஆறே தீப்பற்றி எரிந்தது என்ற செய்திதான் அதற்குத் தூண்டுதல். தண்ணீரின் மேல் படர்ந்திருந்தது ஆலைகளின் இரசாயனக் கழிவு. வழக்கு விரிந்த விதம் ஒவ்வொரு இளம் வழக்கறிஞரும் கவனிக்க வேண்டியது. உச்ச நீதிமன்றம் அதைப் பலருக்காக ஒருவர் தொடுக்கும் பிரதிநிதித்துவ வழக்காகக் கருதி, கங்கைக் கரையில் உள்ள தொழிலதிபர்களும் நகராட்சிகளும் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிடச் செய்தது. தனியொருவரின் மனு ஒரு நதியின் முழு நீளத்துக்குமான விசாரணையாக மாறியது. 1987 செப்டம்பரில் கான்பூரின் தோல் ஆலைகள் பற்றியும் 1988 ஜனவரியில் கான்பூர் நகராட்சியின் கடமை பற்றியும் தனித்தனித் தீர்ப்புகள் வந்தன. ஒரு கட்டத்தில் உச்ச நீதிமன்றம் வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அறையை மேத்தாவின் வழக்குகளுக்கென்றே ஒதுக்க வேண்டியிருந்தது. 1996இல் கோல்ட்மன் விருது, 1997இல் மக்சேசே விருது, 2016இல் பத்மஸ்ரீ என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் வரிசைப்படுத்துகின்றன. எனக்கோ அந்த வெள்ளிக்கிழமைகள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் உத்தரவை நிறைவேற்றாமல் வந்து நிற்பார். அவருடைய பிரமாணப் பத்திரத்தைப் படித்து அதற்கு மறுப்பு எழுதி வைத்திருக்க வேண்டும்.

இந்தியச் சட்டத்துக்கு மேத்தாவின் வழக்குகள் தந்தவற்றுள் மிகப் பெரியது முழுமையான பொறுப்பு என்னும் கோட்பாடு. தில்லியில் குடியிருப்புகளுக்கு நடுவே இயங்கிய ஸ்ரீராம் உணவு மற்றும் உர ஆலையை இடம் மாற்றக் கோரி அவர் தொடுத்த வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 1985 டிசம்பர் 4 அன்று அங்கிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் நிகழ்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் தொழில் செய்த வழக்கறிஞர் ஒருவர் இறந்தார். அதுவரை இத்தகைய விபத்துகளுக்கு நம் நீதிமன்றங்கள் பின்பற்றியது, 1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை உறுதிசெய்த ஒரு விதி. தன் நிலத்தில் ஆபத்தான பொருளைச் சேர்த்து வைப்பவர் அது தப்பினால் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பு என்று அது சொன்னது. ஆனால் இயற்கைச் சீற்றம், மூன்றாம் நபரின் செயல், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் என்று தப்பிக்கப் பல வாசல்களையும் திறந்து வைத்திருந்தது. 1986 டிசம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த வாசல்களை எல்லாம் மூடியது. இயல்பிலேயே ஆபத்தான தொழிலை நடத்தி இலாபம் பார்ப்பவர், எவ்வளவு கவனமாக நடத்தினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இழப்பீட்டின் அளவும் அந்த நிறுவனத்தின் பொருளாதார வலிமைக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்றது.

சட்ட மாணவராக இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து வியந்திருக்கிறேன். அடுத்த பகுதியைப் பாடநூல்கள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. அந்த அமர்வு யாருக்கும் ஒரு ரூபாய் இழப்பீட்டையும் நேரடியாக வழங்கவில்லை. பாதிக்கப்பட்டோருக்காக உரிய நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குத் தொடுக்கும்படி தில்லியின் சட்ட உதவி வாரியத்துக்குச் சொன்னது. மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர் அந்த நாளின் சீட்டையும் வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கையும் தேடி எடுத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோட்பாடு ஒரே நாளில் பிறந்தது. அதைப் பணமாக மாற்றும் வேலை, பெயர் தெரியாத கீழ் நீதிமன்ற வழக்கறிஞர்களிடம் போய்ச் சேர்ந்தது.

தீர்ப்புக்குப் பிறகான காலம் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்து வழக்கைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியவில்லை. உதய்ப்பூரை அடுத்த அந்தக் கிராமத்தில், சாயத் தொழிலுக்கான எச் அமிலத்தைத் தயாரித்த ஆலைகளின் கசடு நிலத்தில் கொட்டப்பட்டு, மழைநீரோடு இறங்கிக் கிணறுகளைக் கறுப்பாக்கியது. 1989இல் பொதுநல வழக்கு. 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே சுத்திகரிப்புச் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முழுமையான பொறுப்புக் கோட்பாட்டையும் உறுதிசெய்தது. சுத்திகரிப்புக்கான தொகை 37 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று 1997இல் கணக்கிடப்பட்டது. அதன் பிறகு மனுவுக்கு மேல் மனுவாக வந்துகொண்டே இருந்தது. 2011 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் பொறுமை இழந்து, அந்தத் தொகையை 12 விழுக்காடு கூட்டு வட்டியோடு செலுத்தச் சொல்லி, வழக்கை இழுத்தடித்ததற்கான செலவுத் தொகையையும் விதித்தது. தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது பதினைந்து. அத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு மனுவுக்கும் எதிர்மனு தாக்கல் செய்து அந்தக் கோப்பை உயிரோடு வைத்திருந்தவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

தில்லிப் பேருந்துகளின் கதையும் இதே அமைப்பு உடையதுதான். மனு 1985இல், எல்லாப் பேருந்துகளும் 2001 மார்ச் 31க்குள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்ற உத்தரவு 1998 ஜூலையில், காலக்கெடு நீட்டிப்புகளுக்குப் பிறகு, மாறாத பேருந்துகளுக்கு நாளுக்கு இவ்வளவு அபராதம் என்ற உத்தரவு 2002 ஏப்ரலில். உத்தரவு நிறைவேறியது என்பதால் இதை வெற்றிக் கதையாகச் சொல்கிறோம், சரிதான்.

இனி அன்றாட வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தத் துறைக்கு வர விரும்பும் இளையவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கொள்கைகளைப் பற்றியதாகவே இருக்கிறது. ஓர் ஊர்க்காரர் கறுத்த தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறார். அவர் சொல்வது உண்மை என்பது முகர்ந்தாலே தெரியும். ஆனால் தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, மாதிரி எடுப்பதற்கென்று ஒரு முறையை வகுத்திருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட்டு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த முறைப்படி எடுக்காத மாதிரியின் முடிவு அந்தச் சட்டத்தின்கீழ் நடக்கும் வழக்கில் சான்றாக ஏற்கப்படாது. ஊர்க்காரரின் புட்டியால் செய்ய முடிந்ததெல்லாம், தீர்ப்பாயத்தை நம்பவைத்து ஒரு கூட்டுக் குழுவை அனுப்பச் செய்வதுதான். குழு வரும் தேதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கனமழை பெய்யும் இரவில் திறந்துவிடப்படும் கழிவு, குழு வரும் பகல் நேரத்தில் வாய்க்காலில் ஓடாது. ஆகவே வழக்கறிஞர் குழுவின் பணிவரம்பிலேயே கவனம் வைக்க வேண்டும்: ஓடும் நீரை மட்டும் சோதிக்காமல் அடிமண்ணைத் தோண்டிக் குரோமியம் பார்க்கவும், ஆலையின் மின்கட்டணச் சீட்டையும் தண்ணீர்க் கொள்முதலையும் சுத்திகரிப்பு நிலையத்தின் இயக்கப் பதிவேட்டோடு ஒப்பிடவும் உத்தரவு கேட்க வேண்டும். நீர் பொய் சொல்லக்கூடும். மின்கட்டணம் எளிதில் பொய் சொல்லாது.

அறிக்கை வந்த பிறகு எண்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ளும், வேதி ஆக்சிஜன் தேவை 250க்குள்ளும், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பொது வரம்பு. ஒரு நிலை அறிக்கை இவற்றுள் இரண்டைக் கூறிவிட்டு மூன்றாவதைப் பற்றி மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தின் மீதுதான் வாதம் செய்ய வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு அறிவியல் தெரிந்த வல்லுநர் உறுப்பினரும் அமர்ந்திருப்பார் என்பதால், மேலோட்டமான வாதம் அங்கே செல்லுபடியாகாது. எங்கள் வக்கீல்களுள் சிலருக்கு இது சுமையாகத் தோன்றுகிறது. எனக்கு இதுவே இந்தத் தொழிலின் பெரிய மகிழ்ச்சி. ஒவ்வொரு வழக்கும் ஒரு புதிய பாடத்தை, அது நிலத்தடி நீரியலோ கடலலைகளின் போக்கோ, கற்றுக்கொண்டே தீர வேண்டும் என்ற நிலையில் நம்மை நிறுத்துகிறது.

காலவரம்பு என்பது இன்னொரு கொடுமை. 2010ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். போதிய காரணம் காட்டினால் மேலும் அறுபது நாட்கள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முப்பதே நாட்கள். அதற்கும் அறுபது நாள் நீட்டிப்பு உண்டு, அதற்கு மேல் கிடையாது. இழப்பீடு கேட்கும் மனுவுக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள். மாசு என்பது ஒரு தேதியில் நிகழ்வதில்லை. முதலாம் ஆண்டு கிணற்று நீர் சற்று உவர்க்கிறது, மூன்றாம் ஆண்டு நெல் பதராகிறது, ஐந்தாம் ஆண்டு ஆடுமாடுகள் குடிக்க மறுக்கின்றன. மக்கள் வக்கீலைத் தேடி வருவது ஐந்தாம் ஆண்டில். காரணம் முதலில் எழுந்தது எப்போது என்ற ஒரு கேள்வியிலேயே நல்ல வழக்குகள் பல மடிந்துவிடுகின்றன. இந்தப் பிரிவு திருத்தப்பட வேண்டும் என்று நான் எங்கும் சொல்லி வருகிறேன்.

நாங்கள் இன்னும் நேர்மையாகப் பேச வேண்டிய ஒன்றும் உண்டு. கான்பூர்த் தீர்ப்பில் நீதிபதி கே.என். சிங், தோல் ஆலைகளை மூடினால் வேலையின்மையும் வருவாய் இழப்பும் வரலாம் என்பதை உணர்ந்தே எழுதுவதாகவும், உயிரும் உடல்நலமும் சூழலியலும் மக்களுக்கு அவற்றினும் முக்கியம் என்றும் சொன்னார். அந்த வரியை நான் பலமுறை மேற்கோள் காட்டி வாதாடியிருக்கிறேன். ஆனால் வேலை இழப்பவரும் அதே மக்களுள் ஒருவர். பெரும்பாலும் அதே ஆலையின் நச்சை முதலில் சுவாசித்தவரும் அவர்தான். தொண்ணூறுகளில் தில்லியிலிருந்து தொழிற்சாலைகளை வெளியேற்றியபோது, முதலாளிகளின் வாதம் கேட்கப்பட்ட அளவுக்குத் தொழிலாளர்களின் குரல் கேட்கப்படவில்லை என்ற விமரிசனம் வலுவாகவே எழுந்தது. அந்த விமரிசனம் நியாயமானது என்பதே என் கருத்து. 1996 டிசம்பர் 30 அன்று வந்த தாஜ்மகால் தீர்ப்பில், 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று உத்தரவிட்ட நீதிபதி குல்தீப் சிங், இடம்பெயரும் ஆலைகளின் தொழிலாளர்களுக்குப் பணித்தொடர்ச்சியும் ஓராண்டு ஊதியத்துக்கு இணையான தொகையும் தரப்பட வேண்டும் என்றும் எழுதினார். அத்தகைய வரிகள் தானாக வருவதில்லை. மனுவின் வேண்டுகோள் பகுதியிலேயே அவற்றைக் கேட்டிருக்க வேண்டும். ஆலையை மூடக் கோரும் எந்த மனுவிலும் தொழிலாளர்களைத் தரப்பினராகச் சேர்க்காமல் நான் கையொப்பமிடுவதில்லை. இதனால் வழக்கு தாமதமாகிறது என்று நண்பர்கள் சொல்வதுண்டு, ஆகட்டும்.

பணத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. திட்டத்துக்கு அனுமதி வாங்கித் தரும் பக்கத்தில் வருமானம் இருக்கிறது. எதிர்க்கும் பக்கத்தில் ஊர்கூடித் திரட்டிய தொகை இருக்கிறது. இரண்டும் ஒன்றாகிவிடப் போவதில்லை.

இந்த இடத்தில் பாலாற்றுக்கு வருகிறேன். வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், நீதிமன்றத்துக்குத் துணையாக நின்று வாதாடியவர் எம்.சி. மேத்தாதான். 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பு, கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்துபவரே செலவை ஏற்கும் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் எடுத்த கணக்கின்படி, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்பதை அது பதிவுசெய்தது. அன்றைய வடஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையத்தை அமைக்கவும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்றை உருவாக்கவும் சொன்னது. மேத்தாவின் உழைப்பைப் பாராட்டி, அவருடைய கட்டணத்துக்கும் கைச்செலவுக்குமாகத் தமிழ்நாடு அரசு 50,000 ரூபாய் தர வேண்டும் என்றும் எழுதியது.

ஓய்வுபெற்ற நீதிபதி பாஸ்கரன் தலைமையில் அமைந்த ஆணையம், 2001 மார்ச்சில் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டோராக அடையாளம் கண்டு, சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீட்டை நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. ஒரு தலைமுறையின் நஞ்சை நிலத்துக்கு அதுதான் விலை. அதற்கும் மேல்முறையீடுகள், தொகையை உயர்த்தக் கோரும் மனுக்கள், பட்டியலில் விடுபட்டோரின் மனுக்கள். 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு மறுபடியும் ஒரு விரிவான தீர்ப்பை எழுதி, இன்னும் கொடுபடாத இழப்பீட்டைக் கொடுக்கவும், அதை ஆலைகளிடமிருந்து வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. வழக்கு முடிந்தது என்று சொல்லாமல், உத்தரவு நிறைவேறும் வரை நீதிமன்றமே கண்காணிக்கும் தொடர் கட்டளை என்ற முறையில் அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. நான் மிகவும் மதிக்கும் முடிவு அது. முடித்துவைக்கப்பட்ட சுற்றுச்சூழல் வழக்கு என்பது பெரும்பாலும் கைவிடப்பட்ட வழக்குதான்.

இனி அங்கே நடக்க வேண்டிய வேலை எந்தச் சுற்றுச்சூழல் சட்டப் பாடத்திலும் இல்லை. 2001இல் பட்டியலில் இடம்பெற்றவர்களுள் காலமானோர் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தொகை சேர வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பாகம் பிரிந்த நிலங்களுக்குப் பட்டா பெயர் மாறியிருக்கும், உட்பிரிவு எண்கள் மாறியிருக்கும். அன்று ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தது 2019இல் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், எந்த ஆட்சியர் அலுவலகத்தில் எந்தக் கோப்பு இருக்கிறது என்பதையே முதலில் தேட வேண்டும். குத்தகைக்கு உழுதவரின் பெயர் பட்டாவில் இருக்காது. அவருக்கு அடங்கல் பதிவோ கூட்டுறவுச் சங்கக் கடன் ரசீதோ கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றுச்சூழல் சட்டத்தில் ஈடுபட விரும்புவதாகச் சொல்லி என்னிடம் வரும் இளையவர்களை நான் முதலில் அனுப்புவது வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான்.